கப்பலேறும் தங்கைக்கு

உத்தமபாளையம்
கார்த்திகை 5

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது.  

கப்பல் விஷயத்தை உன் மகள் போனில் சொன்னாள். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் என்று நாலு ராத்திரியாமே. மொட்டைமாடியில் நீச்சல் குளம், விடிய விடியச் சாப்பாடு என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். கடைசியில், "அம்மா பயப்படுது பெரியம்மா, கப்பல்ல போனா வாந்தி பேதி வருமாம்ல, உங்களைக் கேக்கச் சொல்லுச்சு" என்றாள். தோளில் தடுப்பூசிப் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவள் நான். என்னைக் கேட்காமல் போயிருந்தால்தான் கோபம் வந்திருக்கும்.

போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று சீரியல் பார்த்துக்கொண்டே கேட்பாய். அதனால்தான் எழுதுகிறேன். எதிர்வீட்டுப் பையன் லீவு முடிந்து சிங்கப்பூர் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கொஞ்சம் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் இருக்கிறது. நீ முதலில் ஊறுகாயைத்தான் பிரிப்பாய். ஆனால் கப்பல் பைக்குள் முதலில் போகவேண்டியது அந்தப் பொட்டலங்கள்.

உன் கேள்விக்கு வருகிறேன். வரலாம். ஆனால் அதற்காகப் போகாமல் இருந்துவிடாதே.

இந்த வாந்தி பேதிக்குப் பெரும்பாலும் நோரோ வைரஸ்தான் காரணம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து நார்வாக் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்த பெயர் அது. 1968 அக்டோபரில் அங்கே ஒரு தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளும் வாத்தியார்களுமாக ஏறக்குறையப் பாதிப் பேர் இரண்டே நாளில் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டார்கள். அங்கே எடுத்துவைத்த மாதிரியிலிருந்துதான் 1972இல் ஆல்பர்ட் கபிகியான் என்ற ஆய்வாளர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட கிருமிக்குக் கப்பல் கிருமி என்று எப்படிப் பெயர் வந்தது? கப்பலில் கணக்கு எடுக்கிறார்கள், அதனால் வந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1975இலிருந்து பயணிகள் கப்பல்களின் சுகாதாரத்தைக் கண்காணிக்கிறது. அவர்கள் வரம்புக்குள் வரும் கப்பலில் பயணிகளிலோ ஊழியர்களிலோ நூற்றுக்கு 3 பேருக்கு வயிறு கெட்டால் போதும், கப்பல் பெயரோடு ஊரறிய வெளியிட்டுவிடுவார்கள். 2014 ஜனவரியில் 'எக்ஸ்ப்ளோரர் ஆஃப் தி சீஸ்' கப்பலில் 600 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள், பயணத்தைச் சுருக்கிக்கொண்டு கப்பல் திரும்பிவிட்டது. 2025 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய 'குயின் மேரி 2'இல் 200 பயணிகளுக்கு மேல். உலகம் பூராவும் செய்தி. அதே மையம்தான் இன்னொன்றும் சொல்கிறது: அங்கே பதிவாகிற நோரோ பரவல்களில் கப்பலில் நடப்பது நூற்றுக்கு 1 அளவுதான். மிச்சமெல்லாம் முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஹோட்டல், விருந்து.

நமக்கு இது மலைக்கு அந்தப் பக்கத்துச் செய்தி, அவ்வளவுதான் தூரம். 2021இல் வயநாட்டில் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி விடுதிப் பிள்ளைகள் 13 பேருக்கு வந்தது. 2022 ஜூனில் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் விழிஞ்ஞத்தில் இரண்டு குழந்தைகளுக்கு. 2023 ஜனவரியில் எர்ணாகுளம் காக்கநாட்டில் ஒரு பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு. ஏன் எல்லாம் கேரளாவிலேயே என்று கேட்பாய். அவர்கள் மலத்தை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், பெயர் கிடைத்தது. குமுளிக்கு இந்தப் பக்கம் அந்தக் கிருமி இறங்காது என்று எந்தச் செக்போஸ்டிலும் நிறுத்திவைக்கவில்லை. நம் பக்கத்தில் அதற்கு வேறு பெயர்கள். "சாப்பாடு சேரலை", "தண்ணி மாறிப் போச்சு", "கண்ணு பட்டுருச்சு". ஆஸ்பத்திரிச் சீட்டில் 'ஃபுட் பாய்சன்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். வேலூர் சி.எம்.சி.யில் ககன்தீப் காங் குழுவினர் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை விடாமல் பின்தொடர்ந்து பார்த்தபோது, நோரோ அவர்களிடம் வந்துபோய்க்கொண்டேதான் இருந்தது. தேடினால் தெரியும்.

நம் சின்ன அத்தை மகன் கல்யாணம் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ மறுநாளே சிங்கப்பூர் பிளேன் ஏறிவிட்டாய், அதனால் பிறகு நடந்தது பாதிதான் தெரியும். முகூர்த்தச் சாப்பாடு சாப்பிட்டவர்கள் மறுநாள் சாயங்காலம் ஒருத்தர் பின் ஒருத்தராக வாந்தி எடுத்தார்கள். பெண்வீட்டார் மண்டபத்துத் தண்ணீரைக் குற்றம் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்வீட்டார் வாங்கிக் கொடுத்த பாலைச் சொன்னார்கள். சம்பந்தி சண்டை வேறு. நான் வீடு வீடாகப் போய், யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதினேன். சாம்பார், ரசம், கூட்டு சாப்பிட்ட பாதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. காலை இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி ஊற்றிக்கொண்டவர்கள்தான் அதிகம் படுத்திருந்தார்கள். கொதிக்கிற பண்டத்தில் கிருமி நிற்காது. சட்னி அடுப்பைப் பார்க்காமலே இலைக்கு வருகிற பண்டம்.

சமையல்காரரிடம் போய் நைச்சியமாகப் பேசினேன். கையாள் பையன் ஒருத்தன், பதினெட்டு வயதிருக்கும், விடியக்காலம் மூன்று மணிக்குத் தேங்காய் துருவ உட்காருவதற்கு முன்னாடி பின்பக்கம் போய் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டு வந்திருக்கிறான். வாய் கொப்பளித்து, கையைத் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி துருவ உட்கார்ந்துவிட்டான். "ஏன்டா சொல்லலை?" என்றதற்கு, "சொன்னா வீட்டுக்குப் போகச் சொல்லிருவாங்க, கூலி போயிரும்" என்றான். எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

சோதனை எதுவும் செய்யாததால் அது நோரோதான் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் நடை அதுதான். கிருமி உள்ளே போய் 12 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் வெளிப்படும். திடீரென்று குமட்டி வாந்தி, தண்ணியாகப் போக்கு, வயிற்றுப் பிசைவு, உடம்பு வலி. ஒன்றிலிருந்து மூன்று நாளில் தானாக அடங்கும். அடங்கின பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ மலத்தில் கிருமி போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் வாந்தி பேதி நின்று இன்னும் இரண்டு நாள் முழுசாகக் கழியாமல் அடுப்படிப் பக்கம் போகக்கூடாது என்பது. இது கப்பல் சமையல்காரனுக்கும் விதி, உனக்கும் விதி.

நோய் வர எவ்வளவு கிருமி உள்ளே போகவேண்டும்? பத்திலிருந்து நூறு துகள் போதும் என்கிறார்கள். நோயாளியின் ஒரு கிராம் மலத்தில் கோடி கோடியாக இருக்கும். கைப்பிடி, லிஃப்ட் பொத்தான், குழாய்த் திருகு, மேஜை விளிம்பு என்று எங்கே பட்டாலும் நாள்கணக்கில் அப்படியே காத்திருக்கும். ஐஸில் உறைந்தாலும் சாவதில்லை. அதனால் ஐஸ் போட்ட ஜூஸை விட்டுவிடு. கப்பல் ஐஸ் சுத்தமான தண்ணீரில் செய்ததாகவே இருக்கட்டும், அதை அள்ளுகிற கரண்டிப் பிடியை யார் யார் தொட்டார்கள் என்று உனக்குத் தெரியாது. சிப்பி, மட்டி எதையும் அரைவேக்காட்டில் தொடாதே. லேசாக ஆவி காட்டினால் இந்தக் கிருமி போகாது. நீ எங்கே சிப்பி தின்னப் போகிறாய், மாப்பிள்ளைக்குத்தான் சொல்கிறேன்.

இப்போது கை. நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இதுதான்.

கப்பலில் சாப்பாட்டுக் கூடத்து வாசலிலேயே சானிடைசர் வைத்திருப்பார்கள். சிரித்த முகத்தோடு ஒரு பிள்ளை நின்று உன் கையில் பீய்ச்சிவிடும். பீய்ச்சட்டும், வாங்கிக்கொள். ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதே. கொரோனா வைரஸ் எண்ணெய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்த ஆள். சாராயம் பட்டதும் சட்டை கரைந்து ஆள் செத்தான். நோரோவுக்கு அந்தச் சட்டையே கிடையாது, புரத ஓடுதான். சானிடைசர் அதை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. சோப்பும் அதைக் கொல்வதில்லை. தோலிலிருந்து பெயர்த்து எடுக்கும், ஓடுகிற தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகும். அவ்வளவுதான் சூட்சுமம். அதனால் தேய்க்கிற நேரம் முக்கியம். மெதுவாக இருபது எண்ணு. விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரலின் அடி, மோதிரத்துக்குக் கீழே. நீ அந்தக் கல் மோதிரத்தைக் கழற்றமாட்டாய், தெரியும். மேலே தள்ளிவிட்டாவது தேய்.

நம் சனத்திடம் ஒரு வேடிக்கை கவனித்திருக்கிறாயா? சாப்பிட்ட பிறகு சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவோம், மோந்து பார்த்து மறுபடியும் கழுவுவோம், குழம்பு வாசம் போகவேண்டுமே. சாப்பிட உட்காரும்போது ரெண்டு சொட்டுத் தண்ணீர், கை உதறல், முடிந்தது. பந்தியில் இலையைத் தெளிக்கிற தண்ணீரிலேயே விரலையும் நனைத்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேர். முன்னே போடவேண்டிய சோப்பைப் பின்னே போடுகிறோம். ஸ்பூனில் சாப்பிடுகிறவனைவிட விரலால் பிசைந்து சாப்பிடுகிற நமக்குத்தான் முன்கழுவல் பத்து மடங்கு அவசியம்.

கப்பலில் பஃபே. நூறு பாத்திரம், நூறு கரண்டி, ஆயிரம் கை. நீ கை கழுவிவிட்டுத்தான் போவாய், ஆனால் கரண்டிப் பிடிகளைப் பிடித்துப் பிடித்துத் தட்டை நிரப்பி வரும்போது உன் கை மறுபடி ஊர்க்கை ஆகிவிடும். அதனால் இப்படிச் செய்: தட்டை நிரப்பிக்கொண்டு வந்து மேஜையில் வை. மகளைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வா. பிறகு கையாலேயே பிசைந்து சாப்பிடு, எவன் பார்த்தால் என்ன. கழிப்பறைக் கதவைத் திறக்க, கை துடைத்த காகிதத்தையே பிடியில் சுற்றிக்கொள். சூடாக ஆவி பறக்கிறதை எடு. வெட்டி வைத்த பழம், பச்சைக் காய்கறி, சட்னி மாதிரி ஆறின துவையல் வகையெல்லாம் ஒரு நாளைக்கு இல்லாவிட்டால் உயிர் போகாது. முழு ஆரஞ்சோ வாழைப்பழமோ எடுத்துக் கை கழுவி உரித்துக்கொள். கப்பலில் நோய் கிளம்பிவிட்டால் அவர்களே கரண்டியை நம் கையில் கொடுக்காமல் ஆளை நிறுத்திப் பரிமாறுவார்கள். அப்படி ஒரு காலையில் திடீரென்று மாறினால், என்னவோ நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்.

சாமான் பையைக் கழிப்பறைக்குள் வைக்காதே. இது என் கற்பனை இல்லை. 2010 அக்டோபரில் அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்துப் பெண்பிள்ளைகள் கால்பந்து ஆடப் பக்கத்து மாநிலம் போயிருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு ராத்திரி வாந்தி பேதி. ஹோட்டல் அறைக் கழிப்பறையில் போயிருக்கிறாள். அங்கே தின்பண்டம் வைத்த ஒரு பை இருந்திருக்கிறது. அவள் அந்தப் பையைத் தொடவே இல்லை. மறுநாள் அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பையை மட்டும் இன்னொரு அறைக்குக் கொண்டுபோய், அதிலிருந்த பிஸ்கட்டை மற்றப் பிள்ளைகள் தின்றார்கள், வரிசையாகப் படுத்தார்கள். இரண்டு வாரம் கழித்தும் பையில் கிருமியின் தடம் இருந்தது. வாந்தி எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத திவலை பறந்து பக்கத்தில் இருப்பதன் மேலெல்லாம் படிகிறது. அந்தப் பையில் திராட்சையும் இருந்ததாம். பன்னீர்த் திராட்சை விளைகிற ஊர்க்காரிக்கு அது உறைக்காமல் இருக்குமா? அதனால் கழிப்பறை மூடியை மூடிவிட்டுத் தண்ணீரைத் திற. ஊறுகாய் பாட்டில் அறை அலமாரியில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது வாந்தி எடுத்தால் எழுந்து தூரப் போய்விடு. நம் ஆட்களுக்குச் சுற்றி நின்று "என்னாச்சு, என்னாச்சு" என்று எட்டிப் பார்க்கிற குணம். 1998இல் இங்கிலாந்தில் ஒரு ஹோட்டல் விருந்தில் ஒருவர் மேஜையிலேயே வாந்தி எடுத்தார். அவர் மேஜைக்காரர்கள் அதிகம் படுத்தார்கள், அடுத்த மேஜை கொஞ்சம் குறைவு, தள்ளத் தள்ளக் குறைந்துகொண்டே போனது. துடைக்கும் வேலையைக் கப்பல் ஆட்களிடம் விட்டுவிடு. வீட்டில் நடந்தால் மட்டும் இந்தக் கணக்கு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் ப்ளீச்சிங் பவுடர். கையுறை போட்டு, பழைய துணியால் மூடி, அதன் மேல் ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட்டு வழித்தெடு. ஜன்னலைத் திறந்து வை. கூடுதல் சுத்தம் என்று கழிப்பறை ஆசிட்டைச் சேர்த்து ஊற்றிவிடாதே. எழும்புகிற வாயு நெஞ்சைப் பிடித்துவிடும்.

இதெல்லாம் கப்பலுக்கு மட்டும் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. இப்போது நம் ரோட்டைப் பார், சபரிமலைக்குப் போகிற சாமிமார் வண்டி இடைவிடாமல் குமுளிக்குப் போகிறது. வழியெல்லாம் அன்னதானப் பந்தல். சோறு ஆவி பறக்கப் போடுகிறார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. பக்கத்தில் நீல டிரம்மில் தண்ணீர், மேலே சங்கிலி கட்டின டம்ளர். முக்கி எடுக்கிற ஒவ்வொருத்தர் விரலும் நாலு அங்குலம் தண்ணீருக்குள் போய் வருகிறது. போன வருஷம் நம் தெருப் பந்தல்காரரிடம் சொன்னேன். "புண்ணியக் காரியத்துல குத்தம் பாக்குறீகளே டீச்சர்" என்றார். நர்ஸை டீச்சர் என்கிற ஊர். ஆனாலும் மறுநாள் டிரம்மில் குழாய் வைத்துவிட்டார், பக்கத்தில் ஒரு சோப்பையும் நூலில் கட்டித் தொங்கவிட்டார். சித்திரையில் வீரபாண்டிக்குப் போனாலும் சுருளியில் குளிக்கப் போனாலும் இதே கண்ணோடு பார். அருவித் தண்ணீர் மேலே விழட்டும், வாய்க்குள் போகவேண்டாம்.

வந்தேவிட்டால் என்ன செய்வது? மருந்து கிடையாது, தடுப்பூசியும் இன்னும் வரவில்லை. பேரனுக்கு ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரத்தில் விட்ட சொட்டு மருந்து ரோட்டா வைரஸுக்கு. அது வேறு கிருமி. நோரோவில் ஆளைக் கொல்வது நீர் வற்றுதல்தான். குழந்தையும் வயசானவர்களும்தான் சீக்கிரம் வற்றுவார்கள். அதற்கு ஓ.ஆர்.எஸ். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில், பங்காவ் என்ற இடத்தில், காலரா வார்டுத் தரையில் கால் வைக்க இடமில்லை. சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டிருக்கிறது. திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பைக் கரைத்து டிரம்மில் நிரப்பி, நோயாளியின் சொந்தக்காரர்களையே மொண்டு புகட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

நான் அனுப்பியிருக்கிற பொட்டலம் ஒரு லிட்டருக்கு. முழுப் பொட்டலத்தையும் முழு லிட்டரில் கரை. ஒரு டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று மிச்சம் பிடிக்காதே. உப்பும் சர்க்கரையும் அந்த அளவில் சேர்ந்தால்தான் குடல் தண்ணீரை உறிஞ்சும். வாந்தி வந்தால் பத்து நிமிஷம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடு. இந்தியாவில் கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு இனிப்புத் தண்ணீரை அட்டைப் பெட்டியில் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஹைதராபாத்தில் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற குழந்தை மருத்துவர் வருஷக்கணக்கில் போராடினார். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயர் போடக்கூடாது என்றது. நீ எங்கே வாங்கினாலும் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று எழுதியிருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்.

நம் அம்மா மாதிரி வயிற்றைக் காயப்போடாதே. ஓமத்தண்ணீர் குடிக்க ஆசையாக இருந்தால் குடி, தடையில்லை, ஆனால் அது ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதில் ஆகாது. கஞ்சி, இட்லி, மோர்சாதம் இறங்கினால் சாப்பிடு. பேரனுக்குப் போனால் துத்தநாக மாத்திரை டாக்டரைக் கேட்டு 14 நாள். உன் பிரஷர் மாத்திரையில் நீர் பிரிக்கிறது ஒன்று இருக்கிறது, சர்க்கரை மாத்திரையும் இருக்கிறது. போக்கு இருக்கும்போது அவற்றை எப்படிப் போடுவது என்று இப்போதே உன் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், மூத்திரம் வராமை, எழுந்தால் கிறுகிறுப்பு என்றால் ஓ.ஆர்.எஸ்.ஸோடு நிற்காதே, உடனே கப்பல் டாக்டரிடம் போ. பேதியை நிறுத்துகிற மாத்திரையை நீயாகப் போட்டுக்கொள்ளாதே.

கடைசி விஷயம்தான் நான் இவ்வளவும் எழுதியதற்குக் காரணம். கப்பல் ஏறும் முன் ஒரு படிவம் கொடுத்து, சமீபத்தில் வாந்தி, பேதி உண்டா என்று கேட்பார்கள். முந்தின நாள் பேரனுக்கு வாந்தி வந்திருந்தால் "இல்லை" என்று எழுதத் தோன்றும். நடுக்கடலில் உனக்கு வந்தாலும், சொன்னால் அறைக்குள் போட்டுவிடுவார்கள், கட்டின காசுக்குப் புக்கெட்டைப் பார்க்கமுடியாதே என்று மறைக்கத் தோன்றும். மறைத்துக்கொண்டு ஒரே ஒரு வேளை பஃபே பக்கம் போனால் போதும்.

நம் பள்ளத்தாக்கில் விடியக்காலம் ஜீப்புகளில் ஏலத்தோட்டத்துக்கு மலை ஏறுகிற பொம்பளைகளை உனக்குத் தெரியும். ஒருத்தி மடியில் ஒருத்தியாக, கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும். ராத்திரி முழுக்கப் போக்கு இருந்தாலும் நாலு மணிக்கு எழுந்து தூக்குவாளியில் சோற்றைக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள். கேட்டால் "போகாட்டி சம்பளம் யாரு தருவா?" என்பார்கள். காட்டுக்குள் கழிப்பறை இல்லை, கை கழுவ ஓடைத் தண்ணீர்தான், சோப்பு யார் கொண்டுபோவார்? மதியம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒருத்தி ஊறுகாயை இன்னொருத்தி எடுத்துத் தின்பார்கள். அடுத்த நாள் அந்த ஜீப்பில் பாதிப் பேர் படுத்துவிடுவார்கள். நான் வேலையில் இருந்த காலம் முழுக்க அவர்களிடம் "வேலைக்குப் போகாதீங்க" என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் கூலியை நான் கொடுத்தால் ஒழிய அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. அவர்களையும் அந்தச் சட்னிப் பையனையும் நான் குறை சொல்லமாட்டேன்.

உன்னைச் சொல்வேன். உனக்குப் போவது நாலு ராத்திரிப் பொழுதுபோக்கு. அதற்காக மறைத்தாய் என்று தெரிந்தால் ஊருக்கு வந்ததும் சும்மா விடமாட்டேன். வந்தால் வந்தது என்று அறையிலிருந்தே போன் போட்டுச் சொல். கதவைச் சாத்திக்கொண்டு படு. நின்ற பிறகும் இரண்டு நாள் பொறு. மகளிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல், அவள் காசுக்கணக்குப் பார்க்கிறவள்.

இங்கே வேறு விசேஷமில்லை. மழை நல்லபடி, முல்லையாற்றில் தண்ணீர் போகிறது, நம் பங்காளித் தோட்டத்தில் திராட்சைக்குக் கவாத்து முடிந்தது. உன் வீட்டுக் குடக்கூலி வந்துவிட்டது, வங்கியில் போட்டுவிட்டேன்.

கப்பலில் தட்டு எடுக்கிற பிள்ளைகள், அறை கூட்டுகிற பிள்ளைகளில் தமிழ்ப் பையன் எவனாவது இருப்பான். இல்லாத கப்பல் கிடையாது. பேச்சுக் கொடுத்து ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்து எனக்குச் சொல்: வயிறு சரியில்லை என்று அவன் படுக்கிற நாளுக்குச் சம்பளம் உண்டா, பிடித்தமா?

இப்படிக்கு,
உன் அக்கா